போன் கம்பியில வந்த இன்டர்நெட்டும், நம்ம கையில இருக்க வேண்டிய சாவியும்



மலர் போடறோம், ஆளுக்கொரு கட்டுரை எழுதிக் கொடுங்கன்னு தலைவி அக்கா சொன்னப்போ, குழு ஆரம்பிச்ச கதையை எழுத மூத்தவங்க இருக்காங்க, கறவை மாட்டுக் கடன் பத்தி எழுத ஆள் இருக்குது, நான் நம்ம ஆபீஸ் மேஜை மேல இருக்கற கம்ப்யூட்டரைப் பத்தி எழுதறேன்னு சொன்னேன். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க. "பத்தாவது படிச்சவ கம்ப்யூட்டர் வரலாறு எழுதறாளாமா" அப்படின்னு ஒரு அக்கா கேட்டாங்க. நானும் சிரிச்சேன். ஆனா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்குது. போன வருசம் பதினோரு நாள் நம்ம கணக்கை நாமளே பார்க்க முடியாம உட்கார்ந்திருந்தோமே, அது யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் பதினோரு நாள் ஏன் வந்ததுன்னு புரிஞ்சுக்கத்தான் நான் இந்தப் பழைய கதையெல்லாம் தேட ஆரம்பிச்சேன்.

ரிசல்ட் பார்க்கப் போன நாள்

முதல்ல என் கதை. 2004ஆம் வருசம் நான் பத்தாவது எழுதினேன். அப்போ எங்க ஊர்ல ரைஸ்மில்காரர் வீட்டுல ஒரு போன், இன்னும் நாலஞ்சு வீட்டுல போன், அவ்வளவுதான். ஒறம்பரை யாராவது கூப்பிட்டா, "பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க" அப்படின்னு சொல்லி வெச்சுட்டு, ஒரு பையனை சைக்கிள்ல விட்டு எங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க.

ரிசல்ட் இன்டர்நெட்டுல வருதுன்னு கேள்விப்பட்டு, அப்பா என்னை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடி மேல ஒரு சின்ன ரூம். மூணு கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன். நடுவுல இருந்த மிஷின்தான் போன் போட்டு இன்டர்நெட்டை வாங்கும். மத்த ரெண்டுக்கும் அதுவே பங்கு பிரிச்சுக் கொடுக்கும். போன் போட்டதும் கீங்... க்ரீச்... கரகரன்னு ஒரு சத்தம் வரும். என் வயசுக்காரங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கும். நாங்க உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்துல மூணு தடவை லைன் கட்டாயிருச்சு. மூணு தடவையும் மறுபடி அந்தக் கரகரப்பு. நான் ஆர்வத்துல கீபோர்டுல நம்பர் அடிக்கப் போனேன். கடையில இருந்த பையன், "தொட வேண்டாம் கண்ணு, ஏதாச்சும் ஆயிரும்" அப்படின்னான். அவனே அடிச்சான். 389 மார்க்கு. அப்பாவுக்கு சந்தோசம், ஜாங்கிரி வாங்கிட்டு வந்தோம்.

பிளஸ் ஒன்னுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும்னு வீட்டுல அனுப்பல. அதுக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன், அன்னைக்கு ஊர் நிலவரம் அப்படி. ஆனா "தொட வேண்டாம் கண்ணு" அப்படிங்கற அந்த வார்த்தை இருபது வருசம் என் கையைக் கட்டிப் போட்டிருச்சு. நம்ம கூட்டமைப்புக்கு கம்ப்யூட்டர் வந்தப்போ, "நீ பத்தாவது படிச்சிருக்கற, நீ உட்காரு" அப்படின்னு அக்கா சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னு பின்னால போய் நின்னுட்டேன்.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்

அந்தக் கரகரப்பு என்னன்னு இப்போதான் எனக்குப் புரிஞ்சது. போன் கம்பி மனுசன் பேச்சுக்காகப் போட்டது. கம்ப்யூட்டருக்குப் பேசத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணும் பூஜ்யமும்தான். அதனால ஒண்ணையும் பூஜ்யத்தையும் சத்தமா மாத்தி கம்பியில அனுப்ப ஒரு பெட்டி வெச்சாங்க. அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி சத்தத்தை மறுபடி ஒண்ணாவும் பூஜ்யமாவும் மாத்திக்கும். அதுக்குப் பேருதான் மோடம். அந்தக் கரகரப்பு ரெண்டு மோடமும் "நீ எவ்வளவு வேகமா பேசுவ, நான் எவ்வளவு வேகமா கேட்பேன்" அப்படின்னு முதல்ல பேசி வெச்சுக்கறது. சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டாரும் வாங்க போங்கன்னு நலம் விசாரிக்கற மாதிரி.

1962ல அமெரிக்காவுல வந்த மோடம் ஒரு செகண்டுக்கு 300 பிட் அனுப்பும். சுமார் முப்பது எழுத்துன்னு வெச்சுக்குங்க. கடைசியா வந்த டயல்-அப் மோடம் 56,000 பிட் வரைக்கும் போச்சு. நம்ம செல்போன்ல எடுக்கற ஒரு எம்பி போட்டோ ஒண்ணு அதுல வந்து சேர ரெண்டரை நிமிசம் ஆகும், அதுவும் லைன் சுத்தமா இருந்தா.

நாம போன் போட்டா அந்தப் பக்கம் யாரு எடுக்கறாங்க? அங்கதான் சர்வர்னு ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். அதோட பல போன் லைனும் பல மோடமும் சேர்ந்திருக்கும். வெளியில சொல்றது ஒரே நம்பர். முதல் லைன் எங்கேஜ்டா இருந்தா அடுத்ததுக்கு மணி அடிக்கும், அதுவும் இல்லைன்னா அதுக்கடுத்தது. எடுத்ததும் அந்த சர்வர் மூணு வேலை செய்யும்.

ஒண்ணு, நீ யாருன்னு கேட்கும். பேரும் பாஸ்வேர்டும் சரியா இருந்தாத்தான் உள்ள விடும்.

ரெண்டு, உள்ள வந்தவங்களுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். பேங்குல டோக்கன் கொடுக்கற மாதிரி. நீங்க போனை வெச்சதும் அந்த நம்பரை அடுத்து வர்றவங்களுக்குக் கொடுத்துடும்.

மூணு, உங்ககிட்ட இருந்து வர்ற ஒவ்வொரு தகவலையும் எந்த வழியில அனுப்பணும்னு பார்த்துப் பிரிச்சு விடும். இதுக்கு ரௌட்டிங்னு பேரு. நம்ம ஈரோடு ஜங்ஷன்ல சேலம் போற வண்டி ஒரு பக்கம், கோயமுத்தூர் போறது ஒரு பக்கம், கரூர் போறது ஒரு பக்கம்னு பாயிண்ட் மாத்தி விடறாங்கல்ல, அதே சோலிதான்.

ஒரே லைனைப் பல பேருக்குப் பங்கு பிரிக்கறதும் அந்த சர்வர்தான். வாய்க்கால் பாசனம் பண்ற நமக்கு இது புதுசில்ல. எழுநூறு வருசத்துக்கு முன்னாடி வெட்டின காளிங்கராயன் வாய்க்கால்ல இன்னைக்கும் தண்ணி வர்றது ஒரே வாய்க்கால்ல, காடு நூத்துக்கணக்குல. மடை திறந்து மடை அடைச்சு எல்லாக் காட்டுக்கும் பாய்ச்சறோம். மடையைத் திறக்கற ஆள் சரியா இருந்தா கடைமடைக்கும் தண்ணி போகும். இல்லைன்னா தலைமடையிலயே நின்னு போகும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு ஏற்பாடு இருக்குது. சில ஆபீஸ்ல வெளியூர்ல இருக்கற ஆள் போன் போட்டா, சர்வர் பேரையும் பாஸ்வேர்டையும் கேட்டுட்டு போனை வெச்சிடும். அப்புறம் அந்த ஆளோட பேருக்கு நேரா எழுதி வெச்சிருக்கற நம்பருக்கு அதுவே திரும்பக் கூப்பிடும். திருட்டுத்தனமா வேற எடத்துல இருந்து யாரும் நுழைய முடியாது, போன் செலவும் ஆபீஸோட. நாம மிஸ்டு கால் கொடுத்துப் பழகினதை மிஷின் அப்பவே பண்ணியிருக்குது.

கம்பி ஊருக்கு வந்த கதை

தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள நுழையப் பார்த்த ஒரு பழைய கதை இருக்குது. 1969 அக்டோபர் 29ஆம் தேதி அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்த ஒரு பல்கலைக்கழகத்துல இருந்து, 500 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள நுழையப் பார்த்தாங்க. லாகின் அப்படின்னு அஞ்சு எழுத்து அடிக்கணும். ரெண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்கம் மிஷின் படுத்திருச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சரியாச்சு. இதை முதல்ல படிச்சப்போ எனக்கு மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. பல்கலைக்கழகத்துல உட்கார்ந்து தொட்டவங்களுக்கும் ரெண்டு எழுத்துல நின்னு போச்சு. நாம தொட்டு நின்னு போனா என்ன, மறுபடி போட்டுக்கலாம்.

நம்ம நாட்டுல முதல்ல கிராமத்துக்கு போன் வர வேண்டியிருந்தது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் மிஷின் எல்லாம் ஏசி ரூம் கேட்கும். நம்ம ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் தாங்காது. 1984ல சி-டாட் அப்படின்னு ஒரு அரசு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. ஒடிசாவுல ஒரு சின்ன ஊர்ல பிறந்த சாம் பிட்ரோடாவோட முயற்சி அதுல பெருசு. ஏசி இல்லாம ஓடற 128 லைன் எக்ஸ்சேஞ்சை நம்ம ஆட்களே செஞ்சாங்க. 1986ல கர்நாடகாவுல கிட்டூர்ல முதல்ல அதை வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஊர் ஊரா எக்ஸ்சேஞ்ச், மஞ்ச போர்டு எஸ்டிடி பூத்து எல்லாம். அந்த பூத்துகள்ல எத்தனையோ பெண்களும் மாற்றுத் திறனாளிகளும் உட்கார்ந்து பொழைச்சாங்க.

அதே சமயத்துல படிப்பு நிறுவனங்களுக்காக எர்நெட் அப்படின்னு ஒரு வலை ஆரம்பிச்சுது. 1987 வாக்குல போன் லைன்ல மோடம் வெச்சு பம்பாய்ல கடிதம் அனுப்பிப் பார்த்தாங்க. நம்ம சென்னை ஐஐடியும் அந்த வலையில ஒண்ணு. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் நிறுவனம் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னைன்னு நாலு ஊர்ல டயல்-அப்பா ஆரம்பிச்சாங்க. சர்வர் இல்லாத ஊர்க்காரங்க எஸ்டிடி போட்டு வெளியூர் சர்வரைக் கூப்பிடணும். ஒவ்வொரு நிமிசமும் காசு. 1998 கடைசியில தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தாங்க. அப்புறம் 172ன்னு ஆரம்பிக்கற நம்பரைப் போட்டா லோக்கல் கால் காசுல இன்டர்நெட் கிடைச்சது. நான் ஈரோட்டு மாடி ரூம்ல பார்த்தது அந்தக் காலம்.

கோயில்ல வெச்ச கம்ப்யூட்டர்

கம்பி வந்தாச்சு, சரி. அதை யாருக்கு வெச்சாங்க? படிச்சவங்களுக்கும் கம்பெனிக்கும்தான். அதை மாத்திக் காட்டினது நம்ம பக்கத்துலயே புதுச்சேரியில நடந்த ஒரு வேலை. நம்ம கூட்டமைப்புல இருந்து ரெண்டு வருசம் முன்னாடி புதுச்சேரிக்கு பஸ்ல போனோமே, அப்போ பயிற்சி கொடுத்தவங்க இதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாங்க. மத்தவங்க எல்லாம் பீச்சுக்குப் போற அவசரத்துல இருந்தாங்க. எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் லைப்ரரியிலயும், என் பொண்ணை விட்டுத் தேடச் சொல்லியும் தெரிஞ்சுக்கிட்டேன்.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிறுவனம், 1998ல கனடா நாட்டு உதவியோட புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க. முதல்லயே கம்ப்யூட்டரைக் கொண்டு போய் இறக்கல. உங்களுக்கு என்ன தகவல் வேணும்னு ஊர் ஊராக் கேட்டாங்க. ஊர்க்காரங்க கிட்ட நிபந்தனையும் போட்டாங்க. இடம் ஊர்தான் கொடுக்கணும். எந்தச் சாதிக்காரங்களும் உள்ள வர முடியணும். மையத்தை நடத்தறவங்கள்ல பெண்கள் இருக்கணும்.

வில்லியனூர்தான் நடு மையம். அங்க போன் லைன்ல டயல்-அப் போட்டு இன்டர்நெட்டை எடுப்பாங்க. சுத்தி இருந்த கிராமங்களுக்குக் கம்பி கிடையாது. போலீஸ்காரங்க வெச்சிருக்கற வயர்லெஸ் மாதிரி ரேடியோ அலையில வில்லியனூரோட சேர்த்தாங்க. ஒரு இடத்துல எடுத்து எல்லாக் கிராமத்துக்கும் பிரிச்சு விட்டாங்க. நான் மேல சொன்ன வாய்க்கால் வேலைதான் அது. கரண்டு போனா நிக்கக் கூடாதுன்னு சோலார் தகடும் வெச்சாங்க.

எம்பலம்னு ஒரு ஊர். அங்க மையத்தை வெச்சது கோயில் இடத்துல. அந்த ஊர்ப் பெண்கள்தான் நடத்தினாங்க. மாசத்துல மூணு நாள் நாம கோயில் வாசலைக்கூட மிதிக்க மாட்டோம். தாழ்த்தப்பட்டவங்களை உள்ள விடாத காலமும் இருந்துச்சு. ஆனா அந்தக் கோயில்லயே கம்ப்யூட்டர் இருந்த ரூமுக்கு எல்லாரும் எந்த நாளும் வரலாம்னு வழி வெச்சாங்க. இதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன்.

அந்தப் பெண்கள் பெரிய படிப்பு படிச்சவங்க இல்லைங்க, நம்மைப் போல வீடு, மாடு, புள்ளைங்கன்னு இருந்தவங்க. தமிழ்ல டைப் அடிக்கக் கத்துக்கிட்டாங்க. அன்னைக்கு நெல் விலை என்ன, எந்த ஆஸ்பத்திரியில எந்த டாக்டர் எப்போ இருப்பாரு, பஸ் எத்தனை மணிக்கு, அரசாங்கத் திட்டம் என்னென்ன இருக்குது, வறுமைக் கோட்டுப் பட்டியல்ல யார் பேர் இருக்குதுன்னு எல்லாம் ஊருக்குச் சொன்னாங்க. பட்டியல் அதிகாரி மேஜையில இருக்கற வரைக்கும் நம்ம பேர் இருக்குதா இல்லையான்னு நமக்குத் தெரியாது. ஊர்ப் பொண்ணு ஒருத்தி திறந்து காட்டினா தெரியும். "நம்ம ஊர் செய்தி" அப்படின்னு ஒரு பத்திரிகையும் அந்தத் திட்டத்துல வந்துச்சு.

வீராம்பட்டினம்னு ஒரு மீனவர் கிராமம். அங்க கடல் அலை எவ்வளவு உயரம் வரும்னு தெரியணும். அமெரிக்கக் கடற்படை வங்காள விரிகுடாவுக்கும் சேர்த்து அலை நிலவரம் இன்டர்நெட்டுல போடுவாங்க. டயல்-அப்ல அதை இறக்கி, தமிழ்ல மாத்தி, கடற்கரை ஒலிபெருக்கியில சொன்னாங்க. கம்ப்யூட்டரையே பார்க்காத மீனவரும் காதுல கேட்டுட்டு, இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணினாரு. 2001ல இந்தத் திட்டத்துக்கு ஸ்வீடன் நாட்டுல ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைச்சது.

நல்லவாடு

இதே திட்டத்துல நல்லவாடுன்னு இன்னொரு மீனவர் கிராமம். 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலையில இருந்தாரு. டிவியில செய்தி பார்த்துட்டு வீட்டுக்கு போன் போட்டாரு. கடல் பொங்குது, ஓடுங்கன்னு. விஷயம் ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சுது, ஊருக்கு எப்படித் தெரியறது? ஓடினாங்க தகவல் மையத்துக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மையம் பூட்டிக் கிடந்துச்சு. பூட்டை உடைச்சு உள்ள போய் ஒலிபெருக்கியில கத்தினாங்க. ஊரே வெளியேறுச்சு. 3,600 பேருக்கு மேல உயிர் பொழைச்சாங்க.

இந்தச் சம்பவத்தை எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. எல்லாரும் போனைப் பத்தியும் ஒலிபெருக்கியைப் பத்தியும் எழுதறாங்க. எனக்கு அந்தப் பூட்டுதான் கண்ணுல நிக்குது. தகவல் வந்துருச்சு, மிஷின் தயாரா இருந்துச்சு, நடுவுல ஒரு பூட்டு. சாவி கையில இல்லைன்னாலும் அது நம்ம மையம்னு அந்த ஊருக்காரங்க நினைச்சாங்க, அதனால உடைக்கத் தயங்கல. வேற யாரோ வெச்ச ஆபீஸா நினைச்சிருந்தா தயங்கி நின்னிருப்பாங்க.

எல்லா ஊர்லயும் இப்படி நல்லபடியா முடியல, அதையும் சொல்லணும். 2001 கடைசியில மதுரை பக்கம் மேலூர்ல ஐஐடி சென்னையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கிராமங்களுக்குக் கம்பி இல்லா போன் மூலமா இன்டர்நெட் கொடுத்தாங்க. அதுல போன் பேசிக்கிட்டே இன்டர்நெட்டும் பார்க்கலாம். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆலோசனை கேட்டாங்க. நல்ல வேலைதான். ஆனாலும் சில வருசத்துலயே பல மையங்களை மூடிட்டாங்க. மிஷின் ரிப்பேரானா பார்க்க ஆள் இல்லை, வருமானம் செலவுக்குக் கட்டல. குழு நடத்தற நமக்கு இது நல்லாவே புரியும். ஆரம்ப விழாவுக்கு வர்ற கூட்டம் மூணாவது வருசக் கணக்கு எழுத வராது.

2005ல பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்துச்சு. அதே போன் கம்பிதான், ஆனா பேச்சு தனியா, இன்டர்நெட் தனியாப் போகும், கரகரப்பு இல்லை. அப்புறம் செல்போன் வந்து கம்பியே வேண்டாம்னு ஆயிருச்சு. டயல்-அப் போயே போச்சு. ஆனா அந்த சர்வரோட மூணு வேலை இன்னைக்கும் மாறல. யாருன்னு கேட்கறது, நம்பர் கொடுக்கறது, வழி பிரிச்சு விடறது. நீங்க ஜிபே பண்ணும்போதும் எங்கேயோ ஒரு சர்வர் இதைத்தான் பண்ணுது. முதல் கேள்வி இன்னும் அதே கேள்விதான்: பேர் என்ன, பாஸ்வேர்டு என்ன?

நம்ம பதினோரு நாள்

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். நம்ம கம்ப்யூட்டர்ல கணக்கு ஏத்தறதுக்கு ஒரு தம்பியை மாசச் சம்பளத்துக்கு வெச்சிருந்தோம். நல்ல பையன், ஒரு ரூபாய் தப்பு பண்ணல. திடீர்னு திருப்பூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். போன் நம்பரும் மாத்திட்டான். பாஸ்வேர்டு அவன் மனசுலதான் இருந்துச்சு. எழுதி வெக்கல, நாமளும் கேட்கல. பதினோரு நாள் நம்ம சந்தாவும் கடன் பாக்கியும் நமக்கே பூட்டிக் கிடந்துச்சு. அந்த வாரத்துல ஒரு அக்கா மகள் சீருக்குக் கடன் கேட்டிருந்தாங்க. பழைய பாக்கி எவ்வளவுன்னு காட்ட முடியாம அவங்க வெளியில வட்டிக்கு வாங்கினாங்க. அந்த வட்டியை அவங்க இன்னும் கட்டிட்டு இருக்காங்க. தப்பு அந்தத் தம்பி மேல இல்லை. "நமக்கெதுக்கு அந்த மிஷின்" அப்படின்னு பின்னால போய் நின்ன என் மேலதான்.

நினைச்சுப் பாருங்க. குழு ஆரம்பிச்சப்போ கையெழுத்துப் போடத் தெரியாத அக்காமார் எத்தனை பேர்? ஆனாலும் பேங்குல ஒருத்தர் கையெழுத்துல பணம் எடுக்க விட்டோமா? ரெண்டு பிரதிநிதியும் சேர்ந்து போட்டாத்தான் பணம். பணப்பெட்டி ஒருத்தர் வீட்டுல, சாவி இன்னொருத்தர் வீட்டுல. தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்து. யாரையும் சந்தேகப்பட்டு இதைப் பண்ணல, யார் போனாலும் குழு நிக்கணும்னு பண்ணினோம். பாஸ்வேர்டும் ஒரு சாவிதானுங்க. அதுக்கு மட்டும் ஏன் இந்த முறையை விட்டோம்?

தம்பி போன பதிமூணாவது நாள் நான் போய் அந்த நாற்காலியில உட்கார்ந்தேன். கை நடுங்குச்சு. முதல் நாள் ஒரு குழுவோட சந்தாவை ஏத்த ஒரு மணி நேரம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை நெட் கட்டாயிருச்சு. ஏத்தினது போயிருச்சோன்னு பயந்து தலைவி அக்காவைக் கூப்பிட்டேன். அவங்களுக்கும் தெரியல. ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி திறந்து பார்த்தோம், எல்லாம் பத்திரமா இருந்துச்சு. இப்போ ஒரு குழுவுக்குப் பத்து நிமிசம் ஆகுது. வீட்டுல மாட்டைக் கறந்துட்டு, பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்து ரெண்டு மணி நேரம் உட்காருவேன்.

ஆனா இப்பவும் பாஸ்வேர்டு என் ஒருத்திகிட்டத்தான் இருக்குது. நாளைக்கு எனக்கு ஒடம்பு சரியில்லைன்னா மறுபடியும் பதினோரு நாள். அதனால இந்த மலர் மூலமா ரெண்டு விஷயம் கேட்கறேன். ஒண்ணு, அடுத்த மாதாந்திரக் கூட்டத்துல தீர்மானம் போட்டு, பாஸ்வேர்டை எழுதி ஒட்டின கவர்ல பணப்பெட்டிக்குள்ள வெக்கணும். மாத்தும்போதெல்லாம் புதுக் கவர் வெக்கணும், கவர் மேல ரெண்டு பிரதிநிதி கையெழுத்து இருக்கணும். ரெண்டு, ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒருத்தராவது வந்து என்கூட உட்கார்ந்து கத்துக்கணும். எட்டாவது படிச்சிருந்தாலும் போதும். தமிழ் படிக்கத் தெரிஞ்சா போதும்.

போன வாரம் மூணாவது தெருக் குழுவுல இருந்து ஒரு அம்மிணி வந்துச்சு. கல்யாணமாகி வந்து ஆறு மாசம்தான் ஆகுது. கதவோரமாவே நின்னுக்கிட்டு, "தொட்டா ஏதாச்சும் ஆயிருமாங்க்கா?" அப்படின்னு கேட்டுச்சு. எனக்கு ஈரோட்டு மாடி ரூம் ஞாபகம் வந்துருச்சு.

"ஒண்ணும் ஆகாது கண்ணு, இங்க வந்து உட்காரு" அப்படின்னு நான் எந்திரிச்சு நாற்காலியைக் கொடுத்தேன்.